கை கூப்பி நிற்கும் கூரைகள்



எங்கள் பள்ளி நூலகச் சுவரில் பழைய நாள்காட்டிப் படம் ஒன்று தொங்குகிறது. பனி மூடிய மலையடிவாரம். அதில் புல் வேய்ந்த வீடுகள் சில. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த வீட்டில் சுவரைவிடக் கூரை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?” என்று வினவினான். “பனி வழுக்கி விழுவதற்காக” என்று கூறி அனுப்பிவிட்டேன். மழையையும் வெயிலையும் மட்டுமே அறிந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த விடை போதுமா என்னும் ஐயம் பிறகுதான் எழுந்தது.

படத்தில் உள்ளவை ஜப்பானின் கிஃபு மாநிலத்துச் சிராக்காவா-கோ சிற்றூரின் வீடுகள். சோகாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இம்மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. கடும் குளிர்காலத்தில் பனி இரண்டு மீட்டரையும் தாண்டிக் குவிவதுண்டு. பஞ்சுபோல் தோன்றினாலும், படிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடை கொள்ளும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உடைய தட்டைக் கூரையின்மீது ஒரு மீட்டர் உயரத்திற்கு அது தங்கிவிட்டால் 30 டன் சுமை. வீடு தாங்குமா?

ஆகவே, அம்மக்கள் கூரையைச் செங்குத்தாக உயர்த்தினர். ஏறத்தாழ 60 பாகைச் சரிவு. இரு கைகளைக் குவித்து வணங்குவதுபோல் தோன்றுவதால் ‘காஸ்ஸோ’ என்று பெயர். நாம் வணக்கம் சொல்லும் அதே கை! வீடுகளின் முக்கோண முகப்புகள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. பள்ளத்தாக்கின் வழியே வரும் காற்று கூரையின் பரந்த பக்கங்களில் மோதுவதில்லை. காலை வெயில் ஒருபுறமும் மாலை வெயில் மறுபுறமும் பட்டுப் பனி உருகிப் புல் காய்கிறது.

கூரைச் சட்டத்தில் இரும்பு ஆணி கிடையாது. பெரிய கைமரங்களின் அடிமுனையைப் பென்சில் முனைபோல் சீவி உத்திரத்துக் குழியில் நிறுத்துவர். பிறகு வைக்கோல் கயிற்றாலும், முறுக்கிய இளமரக் கொம்புகளாலும் பிணைப்பர். பச்சையாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும் அக்கொம்பு, உலர உலர இறுகிப் பிடிக்கும். பனியும் காற்றும் அழுத்தும்போது சட்டம் சற்று அசைந்து கொடுக்குமேயன்றி முறியாது. வீட்டின் கீழ்ப்பகுதியைத் தச்சர்கள் கட்டினர். கூரையையோ ஊராரே அமைத்தனர்.

என்னை வியக்க வைத்தது இந்த ஊரார் பங்குதான். நாணலை ஒத்த புல்லை இலையுதிர் காலத்தில் அறுத்துச் சேர்த்து, இளவேனிலில் கூரை வேய்வார்கள். ஒரு குடும்பம் தனித்துச் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் மழை வந்து வீடு நனைந்துவிடும். ஆகவே நூறு, இருநூறு பேர் கூடி, ஒருபக்கக் கூரையை ஓரிரு நாளில் வேய்ந்து முடிப்பார்கள். ‘யுயி’ என்பது இவ்வழக்கத்தின் பெயர். நம் பள்ளிகளில் நடக்கும் கோத்தோங் ரோயோங் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யுயியில் கணக்கு எழுதப்பட்டது. எந்த வீட்டார் எத்தனை நாள் வந்தனர், எவ்வளவு புல்லும் கயிறும் கொடுத்தனர் என்பதெல்லாம் ஏட்டில் பதிவாகும். அவர்கள் வீட்டுக் கூரையின் முறை வரும்போது அதே அளவு உழைப்பைத் திருப்பித் தரவேண்டும். நல்ல கூரை முப்பது, நாற்பது ஆண்டு நிற்கும் என்பதால், தந்தை பட்ட கடனை மகன் அடைக்கவும் நேரும். அன்பை ஏட்டில் எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். எழுதியதால்தான் அது நீடித்தது என்பது என் எண்ணம்.

கூரையைக் காத்த இன்னொன்று புகை. வீட்டின் நடுவே தரையில் அமைந்த கணப்பில் நாள்தோறும் நெருப்பு எரியும். இடைவெளி விட்டு அமைத்த மேல்தளங்கள் வழியே புகை ஏறிப் புல்லின் ஈரத்தை உலர்த்தும்; கயிற்றிலும் மரத்திலும் கரி படிந்து பூச்சி அண்டாது. அந்தக் கதகதப்பில் பரணில் பட்டுப்புழு வளர்த்துப் பணமும் ஈட்டினர். பட்டுத்தொழில் நலிந்து, எரிவாயு அடுப்பு வந்தபின் கணப்புகள் அணைந்தன. விளைவு, புல் விரைவாக மக்கத் தொடங்கியது.

1961-இல் மிபோரோ அணை கட்டி முடிக்கப்பட்டபோது ஆற்றின் மேற்பகுதியில் சில ஊர்கள் நீரில் மூழ்கின. அங்கிருந்த பெரிய வீடொன்று பிரித்தெடுக்கப்பட்டு யோக்கோகாமா நகரத்துப் பூங்காவில் நிறுத்தப்பட்டது. மற்ற ஊர்களிலும் வீடுகள் விற்கப்பட்டன. இளையோர் நகரங்களுக்குச் சென்றனர். இந்நிலையில், 1971-இல் ஓகிமாச்சி ஊரார் கூடி மூன்று உறுதிகளை ஏற்றனர்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல் அரசு அவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரமாக அறிவித்தது. 1995-இல், அண்டையிலுள்ள கோக்காயாமாவின் இரு சிற்றூர்களோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஏடு பழையதானாலும் வழக்கம் முற்றாக மறையவில்லை. ஐந்து தளங்கள் கொண்ட நாகாசே வீட்டின் கூரை, எண்பது ஆண்டுகளுக்குப் பின் 2001-இல் மாற்றப்பட்டபோது ஏறத்தாழ 500 பேர் திரண்டனர். தன்னார்வலர் பலரும் அதில் இருந்தனர். இன்று பெரும்பாலான வேலையைக் கூலிக்கு வேய்வோர் செய்கின்றனர். செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கிறது.

என் மாணவனுக்குச் சொன்ன விடையில் ஒரு பிழையும் இருந்தது. அவ்வளவு சரிந்த கூரையிலும் பனி முழுவதும் தானாக விழுவதில்லை. மிகுந்த பனிப்பொழிவில் ஆள் ஏறித் தள்ளத்தான் வேண்டும். இடறினால் உயிர் போகும் வேலை அது. 2005-2006 குளிர்காலத்தில் ஜப்பான் முழுவதும் பனியால் 152 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பனி அகற்றும் பணியில் இறந்தவர்கள், முதியோரே மிகுதி. பிள்ளைகள் நகரத்தில் இருக்க, எழுபது வயதில் மண்வாரியோடு தனியே கூரை ஏறியவர்களும் அவர்களுள் அடக்கம்.

அடுத்த வாரம் அம்மாணவனை அழைத்து, படத்தின் ஓரத்தை உற்றுப் பார்க்கச் சொன்னேன். கூரை முகட்டருகே கறுப்புப் புள்ளிகளாக மூன்று பேர் நிற்கின்றனர். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, “நான்கு, ஐயா” என்றான்.