ஐந்தாவது பங்கு

மாணவர்களே, கோவையிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் பீளமேட்டைக் கடப்போர் கண்ணில் படுவன பி. எஸ். ஜி. என்னும் பெயர் தாங்கிய கல்விச்சாலைகள். அவற்றின் தோற்றத்தைச் சொல்லுமுன், அவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட ஓர் உயிலைப் பார்த்து வருவோம். செல்வர் தம் பொருளை அறத்துக்கு விட உயில், அறக்கட்டளை என இரு வழிகள் உண்டு என்பதும், அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதும் அப்போது விளங்கும்.

பச்சையப்ப முதலியார் சென்னையில் துபாஷித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டியவர். துபாஷி என்பவர் வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையே நின்று, இருமொழியும் பேசி, கொடுக்கல் வாங்கலை முடித்துத் தருபவர். 1794 மார்ச் மாதத்தில், நாற்பது வயதளவில், அவர் கும்பகோணத்தில் தம் உயிலை எழுதுவித்தார். சில நாட்களுக்குள் காலமானார். தம் செல்வம் தெய்வப் பணிகளுக்கும் தருமங்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் கருத்து.

இங்கே உயிலின் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் அதை மாற்றலாம், கிழித்தும் போடலாம். அவர் மறைந்த பின்னரே அதற்கு உயிர் வருகிறது. ஆனால், "இஃது அவர் எழுதியதுதானா? தெளிந்த நினைவோடு எழுதினாரா?" என்று ஒருவர் கேட்டால் விடை சொல்ல அப்போது அவர் இல்லை. ஆகையால் நீதிமன்றம் உயிலை ஆராய்ந்து, மெய்யென்று கண்டால் முத்திரையிட்டு, அதிற் குறித்த நிறைவேற்றுநரின் அதிகாரத்தை உறுதிப்படுத்துகிறது. இதற்குப் புரொபேட் என்று பெயர். சென்னை நகரத்து இந்துக்களின் உயில்களுக்கு இது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. கோவை நிலத்தைக் குறித்துக் கோவையிலேயே எழுதிய உயிலுக்கு அக்கட்டாயம் இருந்ததில்லை. ஆயினும் பங்காளிகளுக்குள் வழக்கு மூண்டுவிட்டால் கோர்ட்டுப் படி ஏறாமல் தீராது என்பதை நம் கொங்கு நாட்டுக் குடியானவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

பச்சையப்பரின் உயிலுக்கு நேர்ந்ததும் இதுவே. நிறைவேற்ற வேண்டியவர்கள் கடமையில் தவறினர்; வழக்குகள் வளர்ந்தன. இறுதியில் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் பேருழைப்பு எடுத்துக்கொண்டார். வட்டியோடு பல இலட்சமாகப் பெருகியிருந்த தொகையில், சமய அறங்களுக்கு வேண்டியது போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட வழி வகுக்கப்பட்டது; நிருவகிக்க ஒரு தருமகர்த்தர் குழுவும் ஏற்பட்டது. பள்ளி திறந்த ஆண்டு 1842. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே 48 ஆண்டுகள்! காத்திருந்த காலத்தில் பணம் வளர்ந்தது என்று சிலர் ஆறுதல் கூறுவர். அதற்குள் எழுத்தறியாமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்த வட்டியால் என்ன பயன்?

இனிப் பீளமேட்டுக்குத் திரும்புவோம். பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர்: வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. நால்வர் பாகம் பிரித்தால் நான்கு பங்கு என்பதே உலக வழக்கு. இவர்களோ சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை அறத்துக்கு வைத்தார்கள். அதன் மதிப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். 1926இல் பி. எஸ். ஜி. அண்டு சன்ஸ் அறநிலையம் பிறந்தது.

உயிலைப் போல இது ஒருவர் மறைவை எதிர்நோக்கி நிற்பதன்று. சொத்தை முறைப்படி ஒப்படைத்த அன்றே அது கொடுத்தவருடையதாக இல்லாமற் போகிறது. பின்பு அவரே தருமகர்த்தராக அமர்ந்தாலும், அறத்துக்காக அதைக் காப்பவரே அன்றி, உரிமையாளர் அல்லர். தருமகர்த்தர் ஒருவர் மறைந்தால் அவ்விடத்தில் மற்றொருவர் அமர்வார். அறக்கட்டளைச் சொத்துக்காகப் புரொபேட் கேட்டு நிற்க வேண்டுவதில்லை. மனம் மாறிவிட்டது என்று பத்திரத்தைக் கிழித்தெறிய முடியாது என்பது மட்டும் கொடுப்பவர் நினைவில் வைக்க வேண்டியது. அறக்கட்டளையிலும் முறைகேடு நிகழலாம். பொது அறமாயின் அதில் அக்கறையுள்ள இருவர், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடரச் சட்டம் இடந்தருகிறது.

ஐந்தாவது பங்கு ஓராண்டும் வீணே கிடக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையம் அதே 1926இல் தொடங்கியது. 1947இல் கலைக் கல்லூரியும், 1951இல் தொழில்நுட்பக் கல்லூரியும், 1985இல் மருத்துவக் கல்லூரியும் அதன் வழியே வந்தன.