கேட்க வேண்டிய காலத்தில் கேளாமை

மரணத்தைப் பற்றி வீட்டில் வாய் திறந்தால் அபசகுனம் என்று அடக்கிவிடுவது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். பேசாததனால் மரணம் வராமற் போயிற்றா? இல்லை. நினைவிழந்து கிடக்கும் தந்தையின் கட்டிலைச் சுற்றி, உணவுக் குழாய் வைப்பதா வேண்டாமா என்று மக்கள் தம்முள் வழக்காடும் காட்சியே மிஞ்சிற்று.

இக்குறையைச் சட்டத்தால் தீர்க்கச் சிங்கப்பூர் முயன்றது. 1996ஆம் ஆண்டில் முன்கூட்டிய மருத்துவக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. பிழைக்க வழியற்ற நிலையில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாமென, 21 வயது நிரம்பியவர் இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு வைக்கலாம். சாட்சிகளுள் ஒருவர் வைத்தியராக இருத்தல் வேண்டும். நல்ல சட்டந்தான். ஆயினும், இறுதி நாட்களை எங்கே கழிக்க விருப்பம், எதற்கு அச்சம், தமக்காக யார் பேசுவது என்பனவற்றை அத்தாள் கேட்பதில்லை.

அவற்றைக் கேட்கக் கற்றது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லா கிராஸ் என்னும் சிறு நகரம். அங்குள்ள மருத்துவ நிலையங்கள் 1991 முதல் ஒன்றுகூடி, இவ்வுரையாடலை நடத்துவோரைப் பயிற்றுவித்தன. 1995, 1996ஆம் ஆண்டுகளில் இறந்தோருள் 540 பேரைப் பற்றி ஆராய்ந்ததில், 100க்கு 85 பேர் தம் விருப்பத்தை எழுதி வைத்திருந்தனர். தாளைக் காட்டிலும் பேச்சே முதன்மையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அம்முறையைத் தழுவியே சிங்கப்பூரின் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, 2011ஆம் ஆண்டில் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதியவரும் குடும்பத்தாரும் பயிற்சி பெற்றவரோடு அமர்ந்து பேசுவதே அதன் உயிர்நாடி.

இப்பயிற்சி மிகுதியும் வேண்டப்படுமிடம் தாதிமை இல்லம். முதியவரின் இன்றைய வலியைத் தாதி அறிவார். அவரது வாழ்நாள் மனத்தைக் குடும்பத்தார் அறிவர். ஒருவர் அறிவு மட்டும் போதாது. 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் காரணமாகச் சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களில் பார்வையாளர் தடுக்கப்பட்டபோது, நாளை பேசலாம் என்றிருந்தோர் வாயிலுக்கு வெளியே நின்றனர். கனடா, இத்தாலி உள்ளிட்ட ஆறு நாடுகளிலோ, மறதி நோய் முற்றிய முதியோருக்கென ஓர் ஏற்பாடு சோதிக்கப்பட்டது. தாதியருக்கு இணையவழிப் பயிற்சி, குடும்பத்தாருக்குக் கையேடு, பின்னர் இரு தரப்பாரும் கலந்து பேசுதல். இரவு வேலை பார்க்கும் தாதிக்கும் தொலைவூரிலுள்ள மகளுக்கும் இத்தகைய இணையவழிப் பயிற்சி பெருந்துணையாகும் என்று நாம் கருதுகிறோம்.

அன்பர்களே! திருமணப் பேச்சுக்கு மாதக்கணக்கில் செலவிடும் நாம், பெற்றோரின் இறுதி விருப்பத்தைக் கேட்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாகாதா? அவர்தம் நா பேசும் காலத்திலேயே கேட்போமாக.