தபாற் கந்தோரும் மின்மடலும்

பல்லேபொலத் தபாற் கந்தோரில் ஒருவர் தம் கடிதத்தைப் பெற்றுக்கொண்டால், அங்கே அதன் பிரதி எதுவும் தங்குவதில்லை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறையும் ‘தபாற் கந்தோர்’ என்னும் பெயரையே தாங்கியது, சுருக்கப்பெயர் பொப். மடல்களை நம் கணினி இறக்கிக்கொண்டதும், கந்தோர் போன்ற சேவையகக் கணினியிலிருந்து அவை நீக்கப்படுவதே வழக்கமாயிற்று. சேமிப்பிடம் அருமையாயிருந்த காலத்தில் அது தக்க ஏற்பாடே. ஆயினும், நம் கணினி பழுதுற்றால் மடல்கள் யாவும் போயின!

1986இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் அமைத்த ஐமெப் முறை, மடல்களைச் சேவையகத்திலேயே வைத்தது. 1994இல் வெளியான அதன் நான்காம் பதிப்பில், வெளியிலுள்ள மடலைச் சேவையகத்தில் சேர்க்கும் கட்டளையும் இடம்பெற்றது. இறக்கிய மடல்களை இணைய அஞ்சற்பெட்டிக்கு மீட்க விரும்பும் நேயர்கள், அதே கணக்கை மேசைக் கணினியில் ஐமெப் முறையில் இணைத்து, பழைய மடல்களை அதன் கோப்புறையிற் பிரதி செய்யலாம். நகர்த்த வேண்டாம், பிரதியே செய்க. இடையில் இணைப்பு அறுந்தாலும் மூலம் கையிலிருக்கும்.