எண்ணறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

சூலியா தெருவில் நடப்போர் நாணயம் மாற்றும் கடைகளைக் காணாமல் செல்ல இயலாது. கடைக்காரர் நமக்குரிய தொகையை இயன்றவரை குறைந்த தாள்களாலும் காசுகளாலும் கூட்டிக் கொடுக்கிறார். நாமும் எண்ணிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போகிறோம். ‘எத்தொகையாயினும் இத்தனை காசுகளுக்குள் கொடுத்துவிடலாம்’ என்று அறுதியிட முடியுமா என நம்மில் எவரேனும் எண்ணியதுண்டா? இதனையொத்த கேள்வியொன்று உலகக் கணித அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. அதன் பெரும்பகுதிக்கு விடை கண்டவர் ஒரு தமிழர். இராமானுஜத்தை அறிந்த நம்மவருள்ளும் இவரை அறிந்தோர் மிகச் சிலரே.

சிவசங்கரநாராயண பிள்ளை 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லத்தில் பிறந்தார். பிறந்து ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். அத்துடன் படிப்பு நின்றிருக்க வேண்டும். நில்லாமைக்குக் காரணம், சாஸ்திரியார் என்னும் ஆசிரியர். தம் சிறு ஊதியத்திலிருந்து மாணவனின் படிப்புக்குப் பொருளுதவினார் அவர். பிள்ளை நாகர்கோயில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ் அவர்களிடம் ஆராய்ச்சி பயின்றபின், 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக அமர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி யாது? ஒரு தெருவில் 1, 4, 9, 16 என வர்க்க எண்கள் பொறித்த காசுகளே வழங்குவதாகக் கொள்வோம். 7 வெள்ளி கொடுக்க ஒரு நான்கும் மூன்று ஒன்றும் ஆக 4 காசுகள் வேண்டும். எவ்வளவு பெருந்தொகையாயினும் நான்கிற்கு மேல் வேண்டா என்று 1770இல் லக்ராஞ்சு என்னும் பேரறிஞர் நிறுவினார். காசுகளில் 1, 8, 27 எனக் கன எண்கள் பொறித்திருப்பின், 23 வெள்ளிக்கு இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் ஆக 9 காசுகள் வேண்டும். எத்தொகைக்கும் அதற்கு மேல் வேண்டா. இவ்வாறே ஒவ்வொரு படிக்கும் ஓர் எல்லை உண்டென்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வாரிங், அதே 1770இல் நிறுவாமலே கூறிச் சென்றார். எல்லை உண்டு என்பதை 1909இல் ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் மெய்ப்பித்தார். ஆனால் அவ்வெல்லை எத்தனை? அதுவே எஞ்சி நின்ற கேள்வி.

ஏழாம் படியும் அதற்கு மேற்பட்ட படிகளும் பற்றிய விடையை, ஒரு நிபந்தனைக்குட்பட்டு, 1936இல் பிள்ளை வெளியிட்டார். அந்நிபந்தனை பொய்த்த இடம் இதுகாறும் காணப்படவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து டிக்சனும் தனியே இம்முடிவை எய்தினார். செல்வமும் பெரு நூலகமும் சூழ்ந்த இடத்தில் விளைந்த முடிவு, தொடங்கிப் பத்தாண்டும் நிரம்பாத சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்திலும் விளைந்ததென்பதை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம்.

ஆறாம் படியைப் பிள்ளை 1940இல் முடித்தார். அங்கே காசுகள் 1, 64, 729 என ஏறும். 703 வெள்ளிக்குப் பத்து அறுபத்துநான்கும் அறுபத்துமூன்று ஒன்றும் ஆக 73 காசுகள் வேண்டும். எத்தொகைக்கும் 73 போதுமென்பது அவர் கண்ட முடிவு. ஐந்தாம் படிக்கு 37 என்னும் விடை 1964இல் சீன அறிஞர் ஒருவராலும், நான்காம் படிக்கு 19 என்னும் விடை 1986இல் இந்திய அறிஞர் பாலசுப்பிரமணியனாலும் பிரெஞ்சு அறிஞர் இருவராலும் நிறுவப்பட்டன. பிள்ளை சென்ற வழி எத்துணைக் கடியது என்பதை இவ்வாண்டுகளே காட்டும்.

பின்னர் அவர் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையம் அவரை அழைத்தது. புறப்பட்டுச் சென்றவர் சென்று சேரவில்லை. ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவுக்கருகே விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 49.

நிற்க. இத்தகையோரைக் கண்டால் ‘எல்லாம் தலையெழுத்து’ என்று கூறி அமைவது நம்மவர் வழக்கம். தாயும் தந்தையுமற்ற சிறுவனின் தலையில் எழுதியிருந்தது யாது? ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் எடுத்து வைத்த சில ரூபாய் அன்றோ அவ்வெழுத்தை மாற்றியது? மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி வைக்க வேண்டுமென விதித்தது. எனினும் வாய்பாடு முடியுமுன்னே மங்கு துடைக்கச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுள் ஒரு சிவசங்கரன் இருந்திலன் என்று எவர் கூற வல்லார்? அறிவு குலம் பார்த்தும் பொருள் பார்த்தும் பிறப்பதன்று; ஆனால் பொருளின்றி அது வளர்வதும் அரிது.

தோட்டங்கள் துண்டுபட்டு நம்மவர் நகரங்களுக்கு வந்துவிட்டனர். பிள்ளைகளின் தேவை மட்டும் மாறவில்லை. கணக்கில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளையை நம் தெருவிலேயே காண்போமாயின், அவன் தலையெழுத்தை நாம் ஆராய வேண்டா. அடுத்த ஆண்டுப் படிப்புக்கு அவனுக்கோ அவளுக்கோ என்ன வேண்டுமென்று கேட்போமாக. வல்லத்துச் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் செய்தது அவ்வளவே.