தமிழ்நாடு சட்டப்பேரவையில் வரவு செலவுத் திட்ட விவாதம்

தமிழ்நாட்டு அரசு ஒரு நிதியாண்டில் திரட்டவிருக்கும் வருவாயையும் செய்யவிருக்கும் செலவையும் சட்டப்பேரவையின் முன்வைத்து, துறைதோறும் அதன் ஒப்புதலைக் கேட்டுப் பெறும் நடைமுறையே வரவு செலவுத் திட்ட விவாதம் எனப்படுகிறது. நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கையைப் படிக்கும் நாள்தான் மக்களின் கவனத்தைப் பெறுகிறது என்றாலும், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, அரசுப் பேருந்து ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது அதற்குப் பின் வாரக்கணக்கில் நடைபெறும் மானியக் கோரிக்கை விவாதமே ஆகும். மானியக் கோரிக்கை என்பது, குறிப்பிட்ட துறைக்கு இவ்வளவு தொகை வேண்டும் என அமைச்சர் அவையிடம் வைக்கும் வேண்டுகோள்.

இந்த உரிமை ஒரே நாளில் வந்ததன்று. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு மாகாணத்தின் நிதியைப் பற்றிப் பேசும் உரிமையே இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் பேசவும் கேள்வி கேட்கவும் இடமளித்தது. ஆனால் வாக்களிக்க இடமளிக்கவில்லை. 1909ஆம் ஆண்டின் மின்டோ-மார்லி சீர்திருத்தத்துக்குப் பின் உறுப்பினர்கள் நிதி குறித்துத் தீர்மானம் கொண்டுவர முடிந்தது என்றாலும், அத்தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாத வெறும் பரிந்துரையாகவே நின்றது. மானியங்களின் மீது வாக்களிக்கும் உரிமையை 1919ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. அச்சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை முதலியவை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடமும், நிதி, காவல், நிலவரி முதலியவை ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. பின்னவற்றுக்கான மானியத்தை அவை மறுத்தாலும் ஆளுநர் தம் சான்றளிப்பு அதிகாரத்தால் அதை மீட்டுக்கொள்ள முடிந்தது. ஆகவே 1920இன் இறுதியில் பொறுப்பேற்ற நீதிக்கட்சி அமைச்சரவையின் கையில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருந்தன, கருவூலச் சாவி இல்லை. இக்கட்டுக்குள்ளும் உறுப்பினர்கள் ஒரு வழி கண்டனர். ஒரு துறையின் மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்து, அதைச் சாக்காகக் கொண்டு பள்ளி இல்லாத ஊரையும் கிணறு மறுக்கப்பட்ட சேரியையும் பற்றி அவர்கள் அவையில் பேசினர்.

வருவாயும் மக்கள் சேவையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை 1937க்குப் பிந்தைய ஈராண்டுகள் தெளிவாகக் காட்டின. மாகாணத் தன்னாட்சியின்கீழ் பிரதமராகப் பதவியேற்று நிதிப் பொறுப்பையும் தம்மிடமே வைத்துக்கொண்ட இராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்து, பின் வேறு சில மாவட்டங்களுக்கும் அதை விரித்தார். மாகாண வருவாயில் கள், சாராயத்தின் மீதான ஆயத்தீர்வைக்குப் பெரும் பங்கு இருந்ததால், அந்த இழப்பை எதைக் கொண்டு ஈடுசெய்வது என்ற கேள்வி அவையில் எழுந்தது. அதற்கு விடையாக வந்ததே 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் இவ்வகைப் பொது வரி முதன்முதலில் விதிக்கப்பட்டது சென்னை மாகாணத்தில்தான். வணிகர்களின் எதிர்ப்பைத் தாண்டி நிறைவேறிய அந்த வரி, பின்வந்த பல பதிற்றாண்டுகளுக்குப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் தந்த முதன்மை ஊற்றாக விளங்கியது.

இன்றைய நடைமுறைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 202 முதல் 207 வரையிலான உறுப்புகள் அடிப்படையாகும். ஆளுநரின் ஊதியம், உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், அரசுக் கடனுக்கான வட்டி போன்றவை வாக்கெடுப்புக்கு உட்படாத ‘சாட்டப்பட்ட செலவு’ எனப்படுகின்றன. எஞ்சியவை மானியக் கோரிக்கைகளாக அவைக்கு வருகின்றன. ஒரு கோரிக்கையை ஏற்கவும் மறுக்கவும் குறைக்கவும் பேரவைக்கு அதிகாரம் உண்டு; ஒரு ரூபாய் கூட்டுவதற்கு அதிகாரம் இல்லை. குறைக்கும்படி கோருவது வெட்டுத் தீர்மானம். அது நிறைவேறினால் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டதாகவே பொருள்படும் என்பதால், ஆளுங்கட்சி அதை நிறைவேற விடுவதில்லை. இறுதியில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறிய பின்னரே மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும்.

இவ்வாறு தொகையை மாற்ற இயலாத விவாதத்தால் பயன் என்ன என்று கேட்பது இயல்பே. பயன் வேறு வழியில் விளைகிறது. ஒவ்வொரு மானியக் கோரிக்கையோடும் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்படுகிறது. தொகுதிக்குப் பாலம், தரம் உயர்த்தப்பட்ட பள்ளி, கூடுதல் மருத்துவர், பேருந்து வழித்தடம் என உறுப்பினர்கள் கேட்கின்றனர். அமைச்சர் பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை வெளியிடுகிறார். அவையில் சொன்ன சொல் அவைக்குறிப்பில் பதிவாகிவிடுவதால், அடுத்த ஆண்டு அதே அமைச்சரிடம் அது என்னவாயிற்று என்று கேட்கும் பிடி உறுப்பினருக்குக் கிடைக்கிறது.

பள்ளி உணவுத் திட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோது, இவ்வளவு பெருஞ்செலவை மாநிலம் தாங்குமா என்ற ஐயம் சென்னையிலும் தில்லியிலும் எழுந்தது. அந்த ஐயத்தை வென்றது அடுத்தடுத்த ஆண்டுகளின் ஒதுக்கீடே. ஆட்சி மாறியபோதும் எந்தக் கட்சியும் அதற்கான தலைப்பை நிதிநிலை அறிக்கையிலிருந்து நீக்கத் துணியவில்லை. மாறாக, பின்வந்த தி.மு.க. ஆட்சி உணவோடு முட்டையைச் சேர்த்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. எதிர்க்கட்சியாக இருந்து குறை கண்டவர்கள் ஆளுங்கட்சியானபின் அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளானமை தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்த நற்பேறு எனலாம். அந்த உணவைச் சமைப்பவர்களின் காலமுறை ஊதியக் கோரிக்கை மட்டும் நெடுங்காலமாகத் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது.

இருக்கும் ஒதுக்கீட்டின் நோக்கமே மாற்றப்பட்டதும் உண்டு. 2022 மார்ச்சில் படிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டத்தை, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றியது. பழைய திட்டத்தில் வழங்கப்பட்ட தாலிக்குத் தங்கம் நிறுத்தப்பட்டதை எதிர்க்கட்சி கண்டித்தது. கல்லூரிப் படிப்பே நிலையான உதவி என அரசு வாதிட்டது. ஒரு சேவை யாருக்காக, எதற்காக என்பதை அவை வெளிப்படையாக எடைபோட்ட அரிய தருணங்களுள் இது ஒன்று.

ஆயினும் விவாதத்தின் வலு குன்றியதற்கும் காரணங்கள் உள்ளன. பேரவை விதி 110இன்கீழ் முதலமைச்சர் வெளியிடும் அறிவிப்பின் மீது விவாதம் கிடையாது. 2011க்குப் பின் ஜெயலலிதா ஆட்சியில் பெருந்திட்டங்கள் பல இவ்வழியே அறிவிக்கப்பட்டன. ஒரே நாளில் பல துறைகளின் கோரிக்கைகளை எடுத்துக்கொள்வதும், வெளிநடப்பும், வெளியேற்றமும் விவாத நேரத்தை விழுங்குகின்றன. தேர்தல் ஆண்டுகளான 2011, 2016, 2021 ஆகியவற்றில் முதலில் இடைக்கால ஏற்பாடும் மாதங்கள் கழித்துத் திருத்திய அறிக்கையும் வந்ததால், துறைகளின் புதிய பணிகள் பிந்தின.

2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, 1939 முதல் பயன்படுத்திவந்த வரி விதிக்கும் உரிமையின் பெரும்பகுதியைப் பேரவையிடமிருந்து பெயர்த்து, மாநிலங்களும் ஒன்றிய அரசும் சேர்ந்த மன்றத்திடம் ஒப்படைத்தது. பெட்ரோலியப் பொருள்கள், மது, முத்திரைத்தாள், வாகனம் ஆகியவற்றின் மீதான வரிகளே இன்று பேரவையின் பிடியில் பெரிதும் எஞ்சியுள்ளன. ஒன்றிய அரசின் நிதி நின்றால் சேவை தடுமாறும் என்பதும் வெளிப்பட்டது: தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பது பற்றிய பூசலால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குரிய 2,152 கோடி ரூபாய் வராத நிலையில், மாநிலம் தன் சொந்த நிதியைக் கொண்டு சமாளிக்க நேர்ந்தமை 2025 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற்றது.

செலவான பின் அதைச் சோதிப்பவை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையும், அதை ஆராயும் பேரவையின் பொதுக் கணக்குக் குழுவும் ஆகும். செலவுக்கு முன்னரான சோதனையே மெலிந்து கிடக்கிறது. கேரளச் சட்டமன்றம் 1980 முதலும் நாடாளுமன்றம் 1993 முதலும் துறைசார் குழுக்களைக் கொண்டு, கட்சிக் கூச்சலுக்கு அப்பால் மானியக் கோரிக்கைகளை அலசி வருகின்றன. 234 உறுப்பினர்களைக் கொண்ட தமிழ்நாடு சட்டப்பேரவையும் அத்தகைய குழுக்களை நிறுவி, பள்ளிக் கல்வி, மக்கள் நல்வாழ்வு ஆகிய இரண்டு துறைகளிலாவது உடனே தொடங்க வேண்டும்.