மலை ஊற்றிலிருந்து ஆர்.ஓ. வரை: பீர்த் தண்ணீரின் வரலாறும் மேற்குச் சென்னையும்

பீர் ஆலை எந்த ஊரில் அமையவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தண்ணீர்தான் தீர்மானித்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரக் கிணறுகள் ஜிப்சம் படுகைகளில் ஊறியவை. கால்சியமும் சல்பேட்டும் மிகுந்த அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு துலக்கமாக நின்றது. 1822 வாக்கில் சாமுவேல் ஆல்சாப் இந்தியச் சந்தைக்கென்றே அங்கே வெளிர்நிறப் பீர் தயாரிக்கத் தொடங்கினார். 1842-இல் பில்சன் நகரில் யோசெப் குரோல் உருவாக்கிய பொன்னிறப் பீருக்கோ உப்பு மிகக் குறைந்த மென்னீர் கைகொடுத்தது.

இந்தியாவில் ஆலைகள் மலையேறின. 1850களில் எட்வர்ட் டயர் கசௌலியில் தொடங்கினார். தெற்கே நீலகிரியிலும் ஆலைகள் எழுந்தன. குளிர்ச்சியை நாடிப் போனார்கள் என்பதே வழக்கமான விளக்கம். ஈஸ்ட்டுக்குக் குளிர் வேண்டியதுதான். ஆனால் அந்த விளக்கம் தண்ணீரை மறந்துவிடுகிறது. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் அப்பெயரைச் சூட்டிய பாறையின் மூல இடமோ மேற்குச் சென்னையின் ஐயப்பன்தாங்கலுக்குத் தெற்கே அதிகத் தொலைவில்லாத பல்லாவரம்! பாறை ஒன்றாக இருந்தும் தண்ணீர் ஒன்றாக இல்லை. மலையில் மழைநீர் பாறையைத் தொட்டு விரைவில் வெளியேறிவிடுகிறது. சமவெளியில் அது நெடுங்காலம் நிலத்தடியில் தங்கி, வெயிலில் ஆவியாகிச் செறிந்து, உப்பேறிக் கடினமாகிறது. தண்ணீரின் குணத்தைப் பாறையின் பெயர் மட்டும் சொல்லிவிடாது. அது நிலத்தில் தங்கிய காலமும் சேர்ந்தே சொல்லும்.

இடத்தின் பிடியை ஆய்வகம் தளர்த்தியது. 1878-இல் சி. டபிள்யூ. வின்சென்ட் பர்ட்டன் நீரின் உப்புகளைக் கண்டறிந்ததும், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் சேர்க்கத் தொடங்கினர். 1909-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் சோரன்சன் பி.எச். அளவையை வகுத்தார். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது அந்த அளவு 5.2-க்கும் 5.6-க்கும் இடையே இருந்தால், மாவுச்சத்து சீராகச் சர்க்கரையாகும். அதை மேலே தள்ளுவது பைகார்பனேட்; கீழே இழுப்பவை கால்சியமும் மக்னீசியமும். 1953-இல் பால் கோல்பாக் இதைக் கணக்காக்கினார்: சமான அளவில் கால்சியத்தில் மூன்றரையில் ஒரு பங்கும், மக்னீசியத்தில் ஏழில் ஒரு பங்கும் காரத்தன்மையை ஈடுகட்டும், மிஞ்சுவதே எச்சக் காரத்தன்மை. இந்த வரலாற்றின் திருப்புமுனை இந்தக் கணக்குதான் என்பது என் துணிபு. பர்ட்டனின் கடின நீர் ஏன் வெளிர்நிறப் பீருக்கு ஒத்துவந்தது, பைகார்பனேட் மிகுந்த கடின நீர் ஏன் ஒத்துவரவில்லை என்பது இதில்தான் தெளிவாகிறது.

இப்படித் தண்ணீரைத் திருத்திக்கொள்ள முடிந்ததால், 1981-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தபின், மலை ஊற்று எதுவும் இல்லாத சென்னை ஆற்காடு சாலை வளசரவாக்கத்தில் மோகன் புரூவரீஸ் பீர் ஆலை இயங்க முடிந்தது.

தண்ணீரை அளக்கும் இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். ஐயப்பன்தாங்கலுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி அருகிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையமும் 2007 முதல் அங்கே உண்டு. ஆனாலும் ஐயப்பன்தாங்கல் வீடுகளில் போர் தண்ணீர், டேங்கர் லாரி, கேன், ஆர்.ஓ. என்று நான்கு வகைத் தண்ணீர் புழங்குகிறது. எல்லாவற்றையும் டி.டி.எஸ். மீட்டரின் ஒரே எண்ணால் எடைபோடுகிறோம். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று காட்டும் அந்த எண், அதில் பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்லாது. துவரம்பருப்பு வேக மறுப்பதற்கும், ஸ்டீல் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதற்கும் காரணம் தேடுபவர்களும் பார்க்கவேண்டியவை கடினத்தன்மையும் காரத்தன்மையும்தான். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை இவ்விரண்டுக்கும் தனித்தனியே, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க வரம்பு வைத்திருக்கிறது.

1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இங்கே வீட்டில் பீர் தயாரிக்க முடியாது. சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்குக் குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. அங்கே வீட்டில் பீர் தயாரிக்கும் தமிழர் முதலில் குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கவேண்டும். இல்லையென்றால் மால்ட்டின் பீனால்களோடு அது சேர்ந்து மருந்து வாடை தரும். கொதிக்கவைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் எளிதில் போகாது, அதற்குச் சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் வேண்டும். பிறகு கசப்பு முன்நிற்க ஜிப்சம், மால்ட்டின் சுவை முன்நிற்கக் கால்சியம் குளோரைடு. பீர் தயாரிக்காத ஐயப்பன்தாங்கல் வீடுகளின் போர் தண்ணீரிலோ, கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் பைகார்பனேட்டின் ஒரு பகுதி கால்சியத்தோடு அடியில் படிந்துவிடும். சோடியமும் குளோரைடும் அப்படியே நிற்கும். அவற்றைக் குறைக்க ஆர்.ஓ. தண்ணீரைக் கலப்பதுதான் வழி.