அலிகரும் ஜாமிஆவும்: ஒரு மாணவரின் தேர்வு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் மஹல்லாவின் இல்லங்கள் பலவற்றில் ஒரு விவாதம் எழுவது வழக்கம். பிள்ளையின் உள்ளம் ஒரு கல்லூரியை நாடும். பெற்றோரும் உற்றாரும் அதனினும் பெயர் பெற்ற வேறொரு கல்லூரியைச் சுட்டுவர். எதனைத் தேர்வது? இதற்குப் படிப்பினை தரும் நிகழ்வொன்று நம் சமுதாய வரலாற்றிலேயே உண்டு.

சர் சையது அகமது கான் 1875-ல் அலிகரில் தொடங்கிய மதரஸா, 1877-ல் முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக வளர்ந்தது. அங்குப் பயின்றோருக்கு அரசுப் பதவிகளின் வாயில்கள் திறந்தன. 1920-ல் அது பல்கலைக்கழகமாக உயரும் தறுவாயில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, ஆங்கில அரசின் உதவி பெறும் கல்விக்கூடங்களைத் துறக்குமாறு மாணவர்களை அழைத்தனர்.

அவ்வழைப்பை ஏற்றவர்களுள் 23 வயது முதுகலை மாணவர் ஜாகிர் உசேனும் ஒருவர். அக்டோபர் 29 வெள்ளிக்கிழமையன்று ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹசன் அவர்களின் தலைமையில், அலிகரிலேயே ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தொடங்கப்பெற்றது. அதற்குச் சொந்தக் கட்டடமில்லை. அதன் பட்டத்திற்கு அரசின் அங்கீகாரமும் இல்லை.

ஜாகிர் உசேன் பின்னர் ஜெர்மனி சென்று, பெர்லினில் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1924-ல் கிலாஃபத் ஒழிக்கப்பட்டதால் அவ்வியக்கத்தின் வழி ஜாமிஆவுக்குக் கிடைத்துவந்த பொருளுதவி குன்றியது. ஹக்கீம் அஜ்மல் கான் அவர்களின் முயற்சியால் 1925-ல் ஜாமிஆ டெல்லிக்கு மாறியது. அதனை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. ‘மூட வேண்டாம், பணியாற்ற நாங்கள் வருகிறோம்’ என ஜெர்மனியிலிருந்து செய்தி அனுப்பிய ஜாகிர் உசேன், நண்பர்கள் ஆபித் உசேன், முஜீப் ஆகியோருடன் 1926-ல் திரும்பினார். 29 வயதில் துணைவேந்தர் பொறுப்பேற்று, 1948 வரை 22 ஆண்டுகள் அங்கு உழைத்தார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் 20 ஆண்டுகள் தொண்டாற்றுவதாக அவரும் தோழர்களும் உறுதி பூண்டனர்.

தாம் துறந்து வந்த அலிகருக்கே 1948-ல் துணைவேந்தராகச் சென்றார் என்பது எண்ணத்தக்கது. 1967-ல் குடியரசுத் தலைவரான அப்பெருமகனார், 1969 மே 3 அன்று வஃபாத்தானபோது ஜாமிஆ வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பெற்றார். அந்த ஜாமிஆ 1988-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. நம் தமிழகத்தின் இளையான்குடியிலும் ஒரு கல்லூரி அவர்தம் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெயர் பெற்ற கல்லூரியைப் புறக்கணிக்க வேண்டும் என்பதன்று இவ்வரலாறு புகட்டும் பாடம். ஜாகிர் உசேன் காரணம் அறிந்து தேர்ந்தார், தேர்ந்ததற்குரிய விலையை மனமுவந்து கொடுத்தார், உயர்கல்வியையும் கைவிட்டாரில்லை. ஆதலின் பிள்ளையிடம், ‘அக்கல்லூரியை ஏன் விரும்புகிறாய்?’ எனப் பெற்றோர் கனிவுடன் வினவுதல் வேண்டும். தோழர்கள் சேர்கிறார்கள் என்பது மட்டுமே விடையெனில் அது போதாது. பாடமும் ஆசிரியரும் நோக்கமும் விடையாயின், பட்டத்தின் அங்கீகாரத்தை உறுதி செய்துகொண்டு அவ்விருப்பத்திற்கு இசைவதே முறை. ஊரார் மெச்சுவர் என்பதொன்றே பெற்றோரின் காரணமாயின், அதுவும் போதாது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.